காய்ச்சல் இல்லாத மாதத்தில் கொசு ஒழிப்புக்கு எதற்குப் பணம்? (நகராட்சி பட்ஜெட் பற்றி ஒரு கேள்வி)

தெருவிளக்கு | பிப்ரவரி 11, இரவு 9.40

எங்கள் ஊர் ஒரு நடுத்தர நகராட்சி. பெயர் வேண்டாம், பல ஊர்களில் கதை இதுதான். வாரா வாரம் வீட்டுக்குள் வந்து சிமெண்ட் தொட்டி, டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் டெங்குக் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கும் டி.பி.சி. பெண்களை (கொசுப்புழு ஆய்வுப் பணியாளர்களை) ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். வார்டு உறுப்பினரிடம் கேட்டேன். "காய்ச்சலே இல்லாத மாசத்துல எதுக்கு சார் ஆளு? செப்டம்பர்ல திரும்ப எடுத்துக்கலாம். அந்தக் காசுல ரெண்டு தெருவுக்கு ரோடு போட்டுடலாம்" என்றார்.

எங்கள் தெருவுக்கும் ரோடு வேண்டும்தான். அதனால் சட்டென்று மறுத்துப் பேச வாய் வரவில்லை. மார்ச்சில் பட்ஜெட் கூட்டம். இந்தச் செலவை ஆண்டு முழுக்க வைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமா? யார் பணத்தில் நடக்க வேண்டிய வேலை இது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிளகாய்ப்பொடி | பிப்ரவரி 11, இரவு 9.58

ரோடு போட்டால் கல்வெட்டு வைக்கலாம். "இத்தெருவில் பிறக்கவிருந்த கொசுக்கள் பிறக்காமல் தடுக்கப்பட்டன" என்று கல்வெட்டு வைத்தால் யார் மாலை போடுவார்கள்?

நடுநிலையாளன் | பிப்ரவரி 11, இரவு 10.25

கொஞ்சம் மாற்றி யோசிக்கலாமே. என் வீட்டுத் தொட்டியை நான் கழுவ வேண்டும். அதற்கு அரசு ஆள் அனுப்பி, அந்த ஆளுக்கு என் வரிப்பணத்தில் கூலி கொடுப்பது விசித்திரமாக இல்லையா? புழு இருந்தால் அபராதம் போடுங்கள், தானாகக் கழுவுவார்கள். ஆண்டு முழுக்க நாற்பது ஐம்பது பேருக்குச் சம்பளம் என்றால் சின்ன நகராட்சி தாங்காது.

செங்கமலம் | பிப்ரவரி 12, காலை 6.50

நான் அந்த வேலைல இருந்தவ, மகளிர் குழு மூலமா போனேன். நடுநிலையாளன் அண்ணே, அபராதம் போடுறது சுலபம். எங்க ஏரியால குடிதண்ணி எட்டு நாளைக்கு ஒருக்காதான் வரும். பிடிச்சு வைக்காம என்ன செய்வாங்க? இருக்கிற குடம், அண்டா, டிரம்மு எல்லாத்துலயும் ரொப்பி வைப்பாங்க. அடுத்த தண்ணி எப்ப வரும்னு தெரியாம அதைக் கீழ கொட்டிக் கழுவுன்னு சொன்னா யாரு கேப்பா? அபேட்னு புழுவைக் கொல்ற மருந்து, அதை ஊத்தினா வாடை அடிக்குதும்பாங்க. பேசிப் பேசித்தான் ஊத்தணும்.

புழு அதிகமா பார்த்தது ஏழைங்க வீட்டுல மட்டும் இல்ல. பூட்டிக் கிடக்கிற மாடி வீடு, கட்டி முடிக்காத கட்டடத்துல லிப்ட் குழி, பஞ்சர் கடைல அடுக்கி வச்ச டயரு, வெளிநாட்டுல இருக்கிறவங்க வீட்டு சம்ப்பு. அங்கல்லாம் நோட்டீஸ் ஒட்ட எங்களுக்கு அதிகாரம் இல்ல, துப்புரவு மேஸ்திரிகிட்ட சொல்லணும், அவரு எஸ்.ஐ.கிட்ட (துப்புரவு ஆய்வாளர்) சொல்லணும்.

கூலி மூணு மாசம் சேர்ந்தாப்ல நிலுவை நின்னிருக்கு. அதையும் சொல்லிடுறேன்.

பழைய எச்.ஐ. | பிப்ரவரி 12, காலை 11.15

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

//காய்ச்சலே இல்லாத மாசத்துல எதுக்கு சார் ஆளு?//

இந்தக் கேள்வி என் காதில் விழாத நகர்மன்றக் கூட்டம் கிடையாது. முதலில் கொசுவின் கணக்கைப் பார்ப்போம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக நம் ஊர் வெயிலில் ஏழெட்டு நாள் போதும். அதனால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒருமுறை ஆள் போக வேண்டும். நாங்கள் ஆளுக்கு நாளைக்கு 50 வீடு என்று பிரித்துக் கொடுப்போம். ஆறு நாளில் 300 வீடு. உங்கள் ஊரில் 12,000 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 பேர் வேண்டும். பணமில்லை என்று 20 பேரை வைத்தால் ஒரு வீட்டை மறுபடி எட்டிப் பார்க்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஒரு தலைமுறைக் கொசு வளர்ந்து பறந்துபோயிருக்கும். பாதிப் பணம் போட்டால் பாதிப் பலனாவது வரும் என்று மன்றத்தில் நினைக்கிறார்கள். வராது. அந்த 20 பேருக்குக் கொடுத்த கூலியில் பெரும்பகுதி வீண். நிதியைக் குறைப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

அடுத்தது முட்டை. தொட்டியின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றினாலும் சாகாது, மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிக்கும். ஆக, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் யாரும் எட்டிப் பார்க்காத தொட்டிகள்தான் அக்டோபர் மழையில் கொசுவைத் தருகின்றன. சுவரைத் தேய்த்துக் கழுவ வைக்க வேண்டிய காலம் இப்போதுதான். செப்டம்பரில் அவசர அவசரமாக ஆள் எடுத்து, அவர்களுக்குத் தெரு அடையாளம் தெரிவதற்குள் தீபாவளி வந்துவிடும்.

கோடையில் டெங்கு வராது என்பதும் சரியில்லை. 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் மே, ஜூன் மாதங்களிலேயே ஆட்களைச் சாய்த்தது. வடகிழக்குப் பருவமழைக் காலம் இல்லை அது. வெயில் காலத்தில் தட்டுப்பாடு வந்தால் சனங்கள் கூடுதலாகத் தண்ணீர் பிடித்து வைப்பார்கள், ஏடிஸுக்கு அது போதும். அதற்குச் சாக்கடை வேண்டாம், நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

புகை வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறுப்பினர்கள் எல்லாருக்கும் பிடித்த செலவு அது. சத்தம் வரும், புகை வரும், புகைப்படமும் வரும். அது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணியிலும் உட்கார்ந்திருக்கும். புகை வண்டி வருகிறது என்றால் நாம் சன்னலைச் சாத்திவிடுகிறோம். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி உடனடியாக அடிப்பதில் பயன் உண்டு. தெருத்தெருவாக ஊர்வலம் விடுவதில் டீசல் செலவுதான் மிச்சம்.

தெருவிளக்கு | பிப்ரவரி 12, மதியம் 1.05

நன்றி சார். 20 பேர், 40 பேர் கணக்கை அப்படியே எழுதிக்கொண்டேன். பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 12, இரவு 8.30

உள்ளாட்சித் தணிக்கையில் பல வருடம் கோப்பு புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். 1939இல் வந்த சென்னை பொது சுகாதாரச் சட்டம், இன்று தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம். அதில் நகராட்சிகள் தங்கள் வருமானத்தில், அரசு மானியம் நீங்கலாக, 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொது சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் காலத்திலேயே இப்படி எழுதி வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துப்புரவுப் பணியாளர் சம்பளம், குப்பை லாரி, வடிகால் என்று எல்லாமே பொது சுகாதாரத் தலைப்புக்குள் அடங்கும். அவற்றைக் கூட்டினாலே 30 தாண்டிவிடும். கொசுப்புழு பார்ப்பவருக்கு என்று தனியாக ஒரு ரூபாய்கூட அந்தச் சட்டம் ஒதுக்கச் சொல்லவில்லை. அதனால் அவர்கள் கூலி எப்போதும் மிச்சத்தில்தான் நிற்கும். மிச்சம் இல்லாத மாதம் நிலுவை. செங்கமலம் அம்மா சொன்ன மூன்று மாத நிலுவையின் கதை இதுதான்.

மேலே இருந்து வரும் பணம்? பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாக சுகாதாரத்துக்கென்று நாடு முழுமைக்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. சின்னத் தொகை இல்லை. அதில் பெரும்பங்கு கட்டடம், ஆய்வக வசதி, வட்டாரப் பொது சுகாதார அலகு, நகர்ப்புற நலவாழ்வு மையம் என்று போனது. தேவையான செலவுகள்தான், மறுக்கவில்லை. தெருவில் நடக்கும் ஆளின் கூலிக்கு அது வராது. அதே காலத்தில் கிராம ஊராட்சிகளுக்கு வந்த பொது மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்ட பணம். தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், இன்னதற்கு என்று கட்டிப்போடாத நிதியாகக் கொடுத்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாங்க சரியாக இருக்கும்.

ஆக ஆள் கூலி என்பது நகராட்சியின் சொந்த வருமானம், மாநில நிதிக்குழு மானியம் இரண்டிலும்தான் விழுகிறது. சொத்துவரி சரியாக வசூலாகாத ஊரில் முதலில் வெட்டு விழுவது இதில்தான். வெட்டினால் அந்த மாதமே யாரும் சத்தம் போடமாட்டார்கள், அதுதான் காரணம்.

நடுநிலையாளன் | பிப்ரவரி 12, இரவு 9.10

பழைய எச்.ஐ. ஐயாவின் வாரக் கணக்கு ஏற்கத்தக்கது. பாதி ஆளை வைப்பதற்குப் பதில் ஆளே வைக்காமல் இருப்பது மேல் என்றுதான் அதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது! அது கிடக்கட்டும்.

நிதி இருந்தால் நோய் குறையும் என்பதற்கு ஆதாரம் எங்கே? 2017இல் தமிழ்நாட்டில் 23,000க்கு மேல் டெங்கு, 65 சாவு. "உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் ஆட்சி, அதனால்தான்" என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். 2012இல் 66 சாவு. 2011 அக்டோபரில் தேர்தல் நடந்து, எல்லா ஊரிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. அப்போது என்ன குறை?

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 12, இரவு 9.45

கேட்க வேண்டிய கேள்வி. தேர்தல் நடந்தால் டெங்கு வராது என்று சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றது, ஊரகப் பகுதியில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும் நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியிலும்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று பதினான்காவது நிதிக்குழு மானியம் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 2017இல் உள்ளாட்சிகள் கையில் காசு இறுகிய காரணங்களில் அதுவும் ஒன்று. அதை மட்டும் காரணமாக்க நான் தயாரில்லை. அந்த ஆண்டு கேரளத்திலும் டெங்கு கடுமையாகத்தான் இருந்தது, அங்கே உள்ளாட்சி நன்றாகவே இயங்கியது.

பழைய எச்.ஐ. | பிப்ரவரி 13, காலை 7.20

//பாதி ஆளை வைப்பதற்குப் பதில் ஆளே வைக்காமல் இருப்பது மேல்//

கோபத்தில் நானே சில நாள் அப்படி நினைத்ததுண்டு!

ஆதாரம் கேட்டீர்கள். டெங்குவை விடுங்கள், வைரஸ் வகை மாறினாலே ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை ஏறி இறங்கும், அதை வைத்து வாதாடினால் முடிவே வராது. மலேரியாவைப் பாருங்கள். 1958இல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்தபின் வீடு வீடாக மருந்தடித்து, காய்ச்சல்காரர் ரத்தம் எடுத்து, அறுபதுகளின் நடுவில் இந்தியா முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குத்தான் மலேரியா என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் கோடிக்கணக்கில் இருந்தது. "ஒழிந்துவிட்டது" என்று பணத்தையும் கவனத்தையும் குறைத்தார்கள், மருந்து தட்டுப்பாடும் சேர்ந்தது. 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. கொசுவும் மருந்துக்கு எதிர்ப்பு சக்தி பெற்றுவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் கைவிட்ட ஊர்களில்தான் முதலில் திரும்பியது.

1971இல் நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்தது. சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் கொசுதான் மலேரியாவைப் பரப்பியது. மாநிலத்தின் மலேரியாவில் பெரும்பங்கு ஒரு காலத்தில் சென்னையில்தான். மாநகராட்சி மலேரியாப் பணியாளர்கள் மாடி மாடியாக ஏறித் தொட்டி மூடியைப் பார்த்தார்கள். இன்றைக்குச் சென்னையில் மலேரியா என்றால் மருத்துவ மாணவர்களே நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

வடமராட்சியான் | பிப்ரவரி 13, மாலை 5.35

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். மலேரியாக் கதை எங்கட பக்கமும் அப்பிடித்தான். 1963இல முழு இலங்கைக்கும் 17 பேருக்குத்தான் மலேரியா. அதோட கையை விட்டினம். 68, 69இல திரும்பி வந்து லட்சக்கணக்கில ஆக்களைப் பிடிச்சுது. பிறகு பாடம் படிச்சு, போர்க்காலத்திலயும் வேலையை விடாமல் செய்து, 2016இல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் தந்தது. முக்கியமான விசயம், சான்றிதழ் கிடைச்ச பிறகும் மலேரியாத் தடை இயக்கத்தை மூடேல்லை. வெளிநாட்டால காய்ச்சலோட வாற ஆளைத் தேடிப் பிடிக்கிறது இப்பவும் நடக்குது.

டெங்குவில நாங்கள் பெருமைப்பட ஏலாது. 2017இல 1,86,000 பேருக்கு மேல. நுளம்பு (உங்கட கொசு) பெருகிற காணிக்காரரை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நேரடியாக நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம், அதுக்கு 2007இல தனிச் சட்டமே வந்தது. உங்கட செங்கமலம் அக்கா சொன்ன மாதிரி மேஸ்திரி, எஸ்.ஐ. எண்டு ஏறி இறங்கத் தேவையில்லை.

இன்னொண்டு. எங்கட உள்ளூராட்சிச் சபைகளின்ர காலம் 2023 மார்ச்சோட முடிஞ்சு, 2025 மே மாதம்தான் தேர்தல் வந்தது. ரெண்டு வருசம் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. ஆனால் பி.எச்.ஐ. வீட்டுக்கு வாறது நிக்கேல்லை. மாநகர சபைகளை விட்டால், அவர் சபையின்ர ஆள் இல்லை, மாகாண சுகாதாரத் திணைக்களத்தின்ர நிரந்தர உத்தியோகத்தர். குப்பை எடுக்கிறது சபையின்ர வேலை, அதிலதான் இழுபறி. சம்பளம் ஆர் குடுக்கினம் எண்டதைப் பொறுத்துத்தான் வேலை நிக்கிறதும் நடக்கிறதும்.

மிளகாய்ப்பொடி | பிப்ரவரி 13, மாலை 6.10

சான்றிதழ் வாங்கிய பிறகும் திட்டத்தை மூடவில்லையா! நம்மூரில் என்றால் அந்த அலுவலகத்தில் இந்நேரம் ரேஷன் கடை வைத்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 13, இரவு 8.50

வடமராட்சியான் கடைசியாகச் சொன்னது முக்கியம். நான் சொல்ல வந்ததும் அதை ஒட்டித்தான்.

நகராட்சி தன் சொந்தக் காசில் 40 பேருக்கு ஆண்டு முழுக்கக் கூலி கொடுக்கிறது என்று வையுங்கள். அதனால் 200 பேருக்கு டெங்கு வராமல் போனது என்றும் வையுங்கள். மிச்சம் யாருக்கு? அரசு மருத்துவமனைப் படுக்கை, ரத்தத் தட்டணு, மருந்து எல்லாம் மாநில சுகாதாரத் துறைச் செலவு. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களின் செலவு அவரவர் பையில், நகையில். கூலி வேலைக்குப் போகாமல் கிடந்த நாட்களின் நட்டம் அந்தக் குடும்பத்துக்கு. நகராட்சிக் கஜானாவுக்கு இதில் ஒரு பைசா திரும்பாது. செலவு ஒரு கணக்கில், மிச்சம் வேறு கணக்கில். உங்கள் உறுப்பினர் கெட்டவர் இல்லை. அவர் பார்க்கும் புத்தகத்தில் செலவுப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

நகராட்சி எல்லை தாண்டினால் ஊராட்சி. இப்போது ஊரைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் எல்லாம் நகர் போலவே வீடும் கடையுமாக நிற்கின்றன. இந்தப் பக்கம் நகராட்சி வாரம் தவறாமல் பார்த்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சியில் ஆளே இல்லை என்றால் என்ன ஆகும்? எல்லைக் கல் கொசுவுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கூலியை ஒவ்வொரு உள்ளாட்சியின் தலையிலும் தனித்தனியாகக் கட்டக் கூடாது என்கிறேன். மாவட்ட அளவில் மாநில அரசு ஒரு பங்கு, உள்ளாட்சி ஒரு பங்கு என்று சேர்த்து, ஏப்ரலிலேயே விடுவிக்க வேண்டும். கேரளத்தில் வார்டு சுகாதாரக் குழுவுக்கு சுகாதார இயக்கம், சுசித்துவ மிஷன் (அங்குள்ள துப்புரவு இயக்கம்), ஊராட்சியின் சொந்த நிதி என மூன்றும் சேர்ந்து ஒரே கையில் வருகிறது. தொகை சிறியதுதான், ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

நடுநிலையாளன் | பிப்ரவரி 13, இரவு 9.30

செலவு ஒரு கணக்கில், மிச்சம் வேறு கணக்கில் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மாநில அரசு பங்கு கொடுக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செங்கமலம் சொன்னதில் ஒன்றை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் வரை ஆயிரம் பேரை வைத்தாலும் தொட்டி இருக்கும், தொட்டி இருந்தால் கொசு இருக்கும். தினமும் தண்ணீர் விட்டால் 40 பேர் தேவைப்படாது. அந்தப் பணத்தைக் குழாய்க்குப் போடுங்கள் என்றுதான் நான் இன்னமும் சொல்வேன்.

பழைய எச்.ஐ. | பிப்ரவரி 14, காலை 6.40

அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குழாய்க்குக் கோடிக்கணக்கில் வேண்டும், வர ஐந்து வருடம் ஆகும். நகராட்சிக் கணக்கில் குடிநீர் வடிகால் நிதி தனிப் புத்தகம், கூலி வருவது வருவாய் நிதியிலிருந்து. ஒன்றைக் குறைத்தால் மற்றதில் ஏறும் என்று நினைக்காதீர்கள், ஏறாது. குழாய் வரும் வரை தொட்டியைப் பார்த்தே ஆக வேண்டும்.

தெருவிளக்கு | பிப்ரவரி 14, மதியம் 12.20

பட்ஜெட் கூட்டத்துக்கு முன் ஒரு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம், தெருவில் பதினைந்து பேர் கையெழுத்துப் போடத் தயார். என்ன கேட்பது?

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 14, மதியம் 2.05

"கொசு ஒழிக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிவிடாதீர்கள். நாளைக்கே புகை வண்டி அனுப்பிவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். கடந்த மூன்று ஆண்டில் கொசுப்புழு ஆய்வுக்கு எத்தனை ஆள்நாள் கூலி கொடுத்தீர்கள், மாதவாரியாகத் தரவும் என்று கேளுங்கள். மாதவாரி என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும், ஆண்டு மொத்தம் வாங்கினால் பிப்ரவரியில் பூச்சியம் என்பது மறைந்துவிடும். புகை மருந்துக்கும் டீசலுக்கும் ஆன செலவைத் தனியாகக் கேளுங்கள். பிறகு, வரும் ஆண்டுக்கு 300 வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் பன்னிரண்டு மாதக் கூலியைத் தனி இனமாக பட்ஜெட்டில் காட்டச் சொல்லுங்கள். தனி இனமாக இருந்தால் வேறு செலவுக்கு மாற்ற மன்றத் தீர்மானம் வேண்டும், யாராவது கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு. பொது இனத்தில் கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் கரையும்.

ஊராட்சியில் இருப்பவர்கள் இதையே மார்ச் 22 கிராம சபையில் கேட்கலாம். அதை விட்டால் மே 1. அக்டோபர் 2இல் கேட்டால் தாமதம்.

செங்கமலம் | பிப்ரவரி 14, இரவு 7.45

அண்ணே, இன்னொண்ணும் எழுதுங்க. ஆள் எடுக்கும்போது ஏற்கெனவே பார்த்தவங்களையே எடுக்கச் சொல்லுங்க. எந்த வீட்டுல நாய் இருக்கு, எந்த வீட்டம்மா மத்தியானம்தான் கதவைத் திறக்கும், எந்த மாடில மூடியில்லாத தொட்டி இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு செப்டம்பரும் புது ஆளைப் போட்டா அவங்க வாசல்ல நின்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க.

தெருவிளக்கு | பிப்ரவரி 14, இரவு 8.10

சேர்த்துவிட்டேன் அக்கா. மேஸ்திரி வழியாகப் போகாமல் நீங்களே நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தையும் ஒரு வரியாக எழுதியிருக்கிறேன், அது ஆணையர் கையில் இருக்கிறதா என்று தெரியவில்லை, கேட்டுப் பார்ப்போம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம். ரசீது எண் கிடைத்ததும் இங்கே போடுகிறேன்.